பி.ஏ. தத்துவத்துக்கு விண்ணப்பிக்கிறேன்: கடலூர், புதுவைப் பக்கம் இருப்பவர்கள் வழி சொல்லுங்கள்

கடலூர்_கனி

எல்லாருக்கும் வணக்கம். ஊர் கடலூர் தேவனாம்பட்டினம். பிளஸ் டூ படிக்கிறேன். மாநிலப் பாடத்திட்டம், தமிழ் வழி. வரலாறு, பொருளியல், வணிகவியல், கணக்குப்பதிவியல் குரூப். இளங்கலையில் தத்துவம் எடுக்க வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறேன். பள்ளியில் யாரைக் கேட்டாலும் பி.காம்., இல்லையென்றால் பி.ஏ. ஆங்கிலம் என்கிறார்கள். அப்பா முதுநகர் துறைமுகத்தில் மீன் ஏலக் கணக்கு எழுதுகிறார். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. "எங்க இருக்குது, எவ்வளவு ஆவும், முடிச்சா என்ன வேலைன்னு கேட்டுட்டு வா" என்றார். அந்த மூன்றையும்தான் இங்கே கேட்கிறேன்.

இன்னொன்று. சில பல்கலைக்கழகங்கள் "ஏன் இந்தப் பாடம்?" என்று கட்டுரை கேட்கின்றன. நான் எழுதிய தொடக்கம் இது:

"சிறு வயதிலிருந்தே எனக்குத் தத்துவத்தில் தீராத ஆர்வம் உண்டு. 'உன்னையே நீ அறிவாய்' என்றார் சாக்ரடீஸ். வாழ்க்கையின் பொருளைத் தேடும் பயணத்தில் தத்துவம் எனக்கு ஒரு கலங்கரை விளக்கம். மனித குலத்துக்குத் தொண்டு செய்ய இப்பாடம் உதவும் என்று உறுதியாக நம்புகிறேன்."

சரியாக இருக்கிறதா என்று சொல்லுங்கள்.

பண்ருட்டி_டெல்லி

கனி, நான் பண்ருட்டிக்காரன். டெல்லி பல்கலைக்கழகத்தில் தத்துவம் ஆனர்ஸ், இரண்டாம் ஆண்டு. எனக்குத் தெரிந்த வழியைச் சொல்கிறேன்.

டெல்லிக்குக் கட்டுரையும் கிடையாது, நேர்காணலும் கிடையாது. மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வான க்யூட் மதிப்பெண்தான் எல்லாம். 2022-ல் இருந்து இப்படித்தான். தேர்வு எழுதியபின் பல்கலைக்கழகத்தின் சேர்க்கைத் தளத்தில் தனியாகப் பதிவு செய்து, கல்லூரியும் பாடமும் சேர்த்து விருப்ப வரிசை கொடுக்க வேண்டும். இந்து கல்லூரி, ராம்ஜஸ், மிராண்டா ஹவுஸ், லேடி ஸ்ரீராம், இந்திரபிரஸ்தா என்று பல இடங்களில் தத்துவம் இருக்கிறது. விருப்ப வரிசையைக் கஞ்சத்தனமாகப் போடாதே. கல்லூரிப் பெயரைப் பார்த்து நான்கைந்து மட்டும் போட்டுவிட்டு இடம் கிடைக்காமல் நின்றவர்கள் இருக்கிறார்கள்.

க்யூட்டில் தத்துவம் என்று தனித்தாள் இல்லை. ஒரு மொழி, அதோடு நீ பிளஸ் டூவில் படித்த பாடங்கள், தேவைப்பட்டால் பொதுத் திறன் தாள். உன் குரூப்புக்கு வரலாறு, பொருளியல், கணக்குப்பதிவியல், வணிகவியல் எல்லாமே பட்டியலில் இருக்கின்றன, அதனால் கவலை வேண்டாம். 2025-ல் இருந்த முறை: அதிகபட்சம் ஐந்து தாள், தாளுக்கு 50 கேள்வி, 60 நிமிடம், சரிக்கு 5 மதிப்பெண், தவறுக்கு 1 கழியும். தமிழிலும் எழுதலாம். கேள்விகள் என்சிஇஆர்டி, அதாவது மத்திய அரசின் பாடநூல் அமைப்பின் பாடத்திட்டத்தை ஒட்டி வரும். நம் மாநிலப் பாடநூலை மட்டும் படித்துவிட்டுப் போனால், குறிப்பாக வரலாற்றில், தெரியாத பகுதிகள் நிறைய வரும். இப்போதே என்சிஇஆர்டி பன்னிரண்டாம் வகுப்பு வரலாற்றைத் தரவிறக்கி வைத்துக்கொள். இலவசம்தான். எந்தப் பாடத்தோடு எந்தப் பாடத்தைச் சேர்க்கலாம் என்பதை அந்தந்த ஆண்டுத் தகவல் கையேட்டில் பார்த்துவிட்டுத்தான் தாள்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இங்கே வகுப்பு ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் நடக்கும். அதைத் தெரிந்துகொண்டு வா.

லாஸ்பேட்டை_வாசகன்

புதுவைக் கணக்கை நான் சொல்கிறேன். காலாப்பட்டில் இருக்கிற மத்தியப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. தத்துவம் முடித்தவன் நான்.

கனி, கடலூரில் இருந்து ஒரு மணி நேரத்தில் புதுச்சேரிக்கு வந்துவிடலாம். ஆனாலும் சேர்க்கையில் நீங்கள் வேறு மாநிலத்தவர். புதுவை அரசுக் கல்லூரி இடங்கள் சென்டாக் என்ற அரசுச் சேர்க்கைக் குழு மூலம் நிரம்புகின்றன. பெரும்பாலானவை இங்கே இருப்பிடச் சான்று உள்ளவர்களுக்கே போகும். பக்கத்து ஊர் என்ற நம்பிக்கையில் இருந்துவிடாதீர்கள்.

தமிழ்நாட்டுக்குள் என்றால் தாம்பரம் எம்.சி.சி.யில் (சென்னை கிறித்தவக் கல்லூரி) பி.ஏ. தத்துவம் இருக்கிறது. குடியரசுத் தலைவராக இருந்த ராதாகிருஷ்ணன் தத்துவம் படித்தது அந்தக் கல்லூரியில்தான், அப்போது அது சென்னை நகருக்குள் இருந்தது. வீட்டில் பண நெருக்கடி, உறவினர் ஒருவர் படித்து முடித்த தத்துவப் புத்தகங்கள் கைக்கு வந்தன, அதனால் அந்தப் பாடம் என்று அவர் கதையைச் சொல்வார்கள். 1909-ல் மாநிலக் கல்லூரியில் அதே பாடத்துக்கு ஆசிரியராகவும் ஆகிவிட்டார்.

இன்னொரு வழியும் உண்டு. எம்.ஏ. தத்துவத்துக்கு இளங்கலையில் தத்துவம் படித்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் காலாப்பட்டில் இல்லை. நான் பி.ஏ. வரலாறு முடித்துவிட்டு வந்தவன். என் வகுப்பில் பி.எஸ்சி. கணிதம், பி.டெக். முடித்தவர்களும் இருந்தார்கள். கடலூரிலேயே வீட்டிலிருந்து ஒரு பட்டம் முடித்துவிட்டு, முதுகலையில் தத்துவத்துக்கு வரலாம். செலவும் குறையும். அப்பாவிடம் இதையும் சொல்லுங்கள்.

பண்ருட்டி_டெல்லி

லாஸ்பேட்டை அண்ணன் சொல்வது நல்ல வழிதான். ஒன்று மட்டும் சேர்க்கிறேன். இளங்கலையில் தத்துவம் படிப்பவருக்கு முதல் ஆண்டிலேயே தர்க்கம் வந்துவிடும். அதைப் பதினெட்டு வயதில் படிப்பதும் இருபத்தொன்றில் படிப்பதும் எனக்கு வேறு வேறாகத்தான் படுகிறது.

ஒரு சின்ன உதாரணம். "கனமழை என்றால் பள்ளி விடுமுறை. இன்று பள்ளி விடுமுறை. ஆகவே இன்று கனமழை." கேட்கும்போது சரி போலவே இருக்கிறது, இல்லையா? விடுமுறைக்கு வேறு காரணமும் இருக்கலாம், உள்ளூர்த் திருவிழாவாகக்கூட இருக்கலாம். முதல் இரண்டு வாக்கியங்களும் உண்மையாக இருந்தே மூன்றாவது பொய்யாகலாம். இந்த ஒரே பிழை செய்தித்தாளிலும் வழக்கு வாதத்திலும் வாட்ஸ்அப்பிலும் எத்தனை வேஷத்தில் வருகிறது என்று பார்க்கப் பழகிவிட்டால் அப்புறம் படிப்பதெல்லாம் மாறிவிடுகிறது. இங்கே முதல் பருவத்தில் பலர் திணறுவது இந்தத் தாளில்தான். தத்துவம் என்றால் பொன்மொழி என்று நினைத்து வந்தவர்களுக்குக் குறியீடும் அட்டவணையும் வந்ததும் கை ஓடாது. கணக்குப்பதிவியல் படித்த உனக்கு வராமல் போகாது.

நெல்லிக்குப்பம்_அப்பா

ஒரு தகப்பனாகக் கேட்கிறேன், யாரும் வருத்தப்பட வேண்டாம். என் மகன் போன வருஷம் இதே பாடத்தைக் கேட்டான். நான் பி.காம்.மில் சேர்த்துவிட்டேன். இன்னும் அவன் மனசு அதில் இல்லை. எனக்கும் நிம்மதி இல்லை. ஆனால் மூன்று வருஷம் படித்துவிட்டு வந்து வீட்டில் உட்கார்ந்தால் யார் பதில் சொல்வது? வேலை விஷயத்தை மட்டும் மழுப்பாமல் சொல்லுங்கள்.

லாஸ்பேட்டை_வாசகன்

ஐயா, மழுப்பாமல் சொல்கிறேன். பட்டம் முடித்த கையோடு "தத்துவம் படித்தவர் தேவை" என்று எந்த நிறுவனமும் விளம்பரம் கொடுப்பதில்லை. பள்ளி ஆசிரியர் வேலைதான் குறி என்றால் இந்தப் பாடம் வேண்டாம். நம் பக்கப் பள்ளிகளில் இதற்குப் பணியிடம் தேடினாலும் கிடைப்பது அரிது.

எந்தப் பட்டமும் போதும் என்கிற கதவுகள் எல்லாம் திறந்திருக்கின்றன: டிஎன்பிஎஸ்சி, வங்கித் தேர்வு, மூன்றாண்டுச் சட்டப்படிப்பு. யுபிஎஸ்சி முதன்மைத் தேர்வில் தத்துவம் ஒரு விருப்பப் பாடம், இரண்டு தாள், 500 மதிப்பெண். அது போக அறவியலுக்கென்று எல்லாருக்கும் பொதுவாக 250 மதிப்பெண்ணுக்கு ஒரு தாள் இருக்கிறது. கல்லூரி ஆசிரியர் ஆக வேண்டும் என்றால் முதுகலை, நெட் அல்லது செட் என்கிற தகுதித் தேர்வு, பெரும்பாலும் முனைவர் பட்டமும் என்று நீண்ட பாதை. இடங்களும் குறைவு.

என்னோடு படித்தவர்களில் சட்டத்துக்குப் போனவர்கள் நன்றாக இருக்கிறார்கள். ஒருவர் பதிப்பகத்தில் இருக்கிறார். இருவர் இன்னும் போட்டித் தேர்வு எழுதிக்கொண்டிருக்கிறார்கள். இதை உங்கள் மகனிடமும் அப்படியே சொல்லலாம்.

நெல்லிக்குப்பம்_அப்பா

நன்றி தம்பி. தெரிந்துகொண்டேன். அவனுக்கு மூன்றாம் வருஷம் முடியட்டும், காலாப்பட்டு எம்.ஏ. பற்றி நானே அவனிடம் பேசுகிறேன்.

சிதம்பரம்_ஓய்வாசிரியர்

கனி அம்மா, உங்கள் கட்டுரையைப் பற்றி இதுவரை யாரும் பேசவில்லை. நான் பேசுகிறேன்.

நான்கு வாக்கியம் எழுதியிருக்கிறீர்கள். நான்கையும் எடுத்து வேறு ஒரு பிள்ளையின் விண்ணப்பத்தில் வைத்தாலும் பொருந்தும். படிப்பவருக்கு உங்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. இன்னொன்று, "உன்னையே நீ அறிவாய்" என்பது டெல்ஃபி ஆலயத்தில் பொறித்திருந்த வாசகம். சாக்ரடீஸ் அதை எடுத்துப் பேசினார், அவ்வளவுதான். தத்துவத் துறைக்காரர் படித்தால் முதலில் கண்ணில் படுவது அதுவாகத்தான் இருக்கும்.

ஆர்வம் இருக்கிறது என்று சொல்வதை விட்டுவிடுங்கள். உங்களுக்கு விடை தெரியாத, விட்டுவிடவும் முடியாத ஒரு கேள்வியை எழுதுங்கள். பெரிய கேள்வியாக இருக்க வேண்டியதில்லை. கடவுள் உண்டா, வாழ்வின் பொருள் என்ன என்றெல்லாம் போகாதீர்கள். உங்கள் வீட்டில், தெருவில் நடந்த ஒன்று. அப்படி ஏதாவது இருக்கிறதா?

கடலூர்_கனி

இருக்கிறது ஐயா. ஆனால் இதை எழுதலாமா என்று தெரியவில்லை.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையேறியது எல்லாருக்கும் நினைவிருக்கும். அப்புறம் சாத்தனூர் அணைத் தண்ணீர் வந்து தென்பெண்ணை இரண்டு பக்கமும் ஊரை மூழ்கடித்தது. என் சித்தியை ஆற்றுக்கு அந்தப் பக்கம், புதுவையைச் சேர்ந்த பாகூரில் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் வீட்டிலும் தண்ணீர், எங்கள் வீட்டிலும் தண்ணீர். புதுவை அரசு ஒரு ரேஷன் அட்டைக்கு 5,000 ரூபாய் அறிவித்தது. எங்களுக்கு 2,000. பாட்டி "அது வேற கவர்மெண்டு" என்று சொல்லி முடித்துவிட்டார். எனக்கு அதோடு முடியவில்லை. ஒரே புயல், ஒரே ஆறு. நடுவில் ஒரு கோடு.

எங்கள் தெருவுக்குள்ளேயே இன்னொரு குழப்பம். மாடி வீட்டுக்கும் 2,000, கூரை வீட்டுக்கும் 2,000. எல்லாருக்கும் சமம், ஆனால் நியாயமாகப் படவில்லை. சரி, கூரை வீட்டுக்கு மட்டும் கூடுதல் என்றால் யார் வந்து அளப்பது? அளந்து முடிப்பதற்குள் வீட்டில் இருக்கிற அரிசி தீர்ந்துவிடும். எந்தப் பக்கம் யோசித்தாலும் இடிக்கிறது. இது தத்துவமா, அரசியலா, பொருளியலா என்றே எனக்குத் தெரியவில்லை.

முத்தியால்பேட்டை_லிசே

கனி, இது தத்துவமேதான்! நான் புதுவை பிரெஞ்சு லிசேயில், அதாவது பிரெஞ்சுப் பாடத்திட்டப் பள்ளியில் படித்தவள். அங்கே கடைசி வருஷம் எல்லாருக்கும் தத்துவம் கட்டாயம், அறிவியல் எடுத்தவர்களுக்கும் சேர்த்து. பக்கலோரேயா என்கிற பள்ளி இறுதித் தேர்வில் தத்துவத்துக்கு நான்கு மணி நேரம். ஒரே ஒரு கேள்வி, அதற்கு ஒரு நீண்ட கட்டுரை. இல்லையென்றால் ஒரு பகுதியைக் கொடுத்து விளக்கச் சொல்வார்கள். எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முறையை உன் கேள்விக்கு வைத்துப் பார்க்கிறேன்.

முதலில் கேள்வியைப் பிரிக்க வேண்டும். நீ சொன்னதில் இரண்டு கேள்விகள் பின்னிக்கிடக்கின்றன. ஒன்று: கோட்டுக்கு இந்தப் பக்கம் வீடு இருந்ததால் குறைவாகக் கிடைப்பது அநியாயமா, வெறும் துரதிர்ஷ்டமா? துரதிர்ஷ்டம் என்றால் யார் மேலும் குறை சொல்ல முடியாது. அநியாயம் என்றால் யாரோ பொறுப்பு. யார்? இரண்டு அரசும் தனித்தனியாகத் தன் மக்களுக்குச் சரியாகவே நடந்துகொண்டு, இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது மட்டும் அநியாயம் வருமா? இது ரொம்ப நல்ல கேள்வி. இரண்டு: சமமாகக் கொடுப்பதும் நியாயமாகக் கொடுப்பதும் ஒன்றா? அரிஸ்டாட்டில் காலத்தில் இருந்து ஓடுகிற வாதம் அது. சமமாக இல்லாதவர்களுக்குச் சமமாகக் கொடுப்பதிலும் அநீதி இருக்கலாம் என்பது அவர் பக்கம்.

இருபதாம் நூற்றாண்டில் ஜான் ரால்ஸ் என்பவர் ஒரு சோதனையை முன்வைத்தார். நீ யாராகப் பிறப்பாய், பணக்கார வீட்டிலா ஏழை வீட்டிலா என்று தெரியாத நிலையில் விதிகளை வகுக்கச் சொன்னால் எப்படி வகுப்பாய்? ஆற்றுக்கு எந்தப் பக்கம் பிறப்பாய் என்று தெரியாது என்று வைத்து யோசித்துப் பார். ஆனால் கட்டுரையில் இந்தப் பெயர்களை இப்போதே ஒட்டாதே. உன் வாதம் தானாக நிற்கட்டும்.

என் வகுப்புத் தோழி ஒருத்தி இங்கிலாந்துக்கு யூகாஸ் என்ற பொது விண்ணப்ப அமைப்பு வழியாக விண்ணப்பித்தாள். 2026-ல் சேர்பவர்களில் இருந்து அங்கே ஒரே கட்டுரைக்குப் பதில் மூன்று கேள்விகள்: ஏன் இந்தப் பாடம், உன் படிப்பு உன்னை எப்படித் தயார்படுத்தியது, பள்ளிக்கு வெளியே என்ன செய்தாய். மொத்தம் 4,000 எழுத்துகள். ஆக்ஸ்ஃபோர்டில் தத்துவம் மட்டும் தனியாகப் படிக்க முடியாது, அரசியல்–பொருளியல் போல இன்னொன்றோடு சேர்த்துத்தான். கேம்பிரிட்ஜில் தனியாகவே உண்டு. உதவித்தொகை இல்லாமல் அந்தச் செலவை நம் வீடுகளில் நினைக்க முடியாது. ஆனாலும் எங்கே விண்ணப்பித்தாலும் அந்த மூன்று கேள்விகளை வைத்துக்கொண்டு எழுதினால் வேண்டாத அலங்காரம் தானாகக் கழன்றுவிடும்.

லாஸ்பேட்டை_வாசகன்

எனக்கு இதில் ஒரு தயக்கம். நிவாரணத் தொகையை எழுதினால் அரசு மேல் புகார் போலத் தெரியும். படிப்பவர் எந்தக் கட்சி மனநிலையில் இருப்பார் என்று யாருக்குத் தெரியும்? விண்ணப்பத்தில் இந்த வம்பு தேவையா? மணிமேகலையில் சமயக் கணக்கர், அதாவது பல சமய அறிஞர்கள் வாதம் வருகிறதே, அதைப் பற்றி எழுதினால் பாதுகாப்பாகவும் இருக்கும், தமிழ் வழிப் பிள்ளை என்ற தனித்தன்மையும் தெரியும்.

சிதம்பரம்_ஓய்வாசிரியர்

தம்பி, மணிமேகலையை அந்தப் பிள்ளை ஊன்றிப் படித்திருந்தால் எழுதட்டும். படிக்காமல் எழுதினால் மறுபடி சாக்ரடீஸ் மேற்கோள் கதைதான்.

புகார் போலத் தெரியாமல் இருக்க வழி நம் பக்கத்திலேயே இருக்கிறது. பண்ருட்டிக்குப் பக்கத்தில் திருத்துறையூர் அருணந்தி சிவாச்சாரியாருடைய ஊர். அவருடைய சிவஞான சித்தியார் என்ற சைவ சித்தாந்த நூல் இரண்டு பாகம். தன் கொள்கையைச் சொல்லும் சுபக்கத்துக்கு முன்னால் பரபக்கம் என்று ஒரு பாகம் முழுவதையும் பிறர் கொள்கைகளுக்கு ஒதுக்கியிருக்கிறார். கண்ணால் காண்பது மட்டுமே உண்மை என்கிற உலகாயதத்தில் தொடங்கிப் பதினான்கு தரப்புகள். ஒவ்வொன்றையும் அவர்கள் வாயால் பேச வைத்துவிட்டு அப்புறம்தான் மறுப்பு. உலகாயதர் பேசுகிற இடத்தைப் படித்தால், அவர் பக்கம்தான் சரியோ என்று ஒரு நிமிஷம் தோன்றும். அவ்வளவு வலுவாக எதிராளியை நிறுத்துகிறார். நான் வகுப்பில் மாணவர்களுக்கு வாதம் எழுதச் சொல்லிக்கொடுத்தது இதை வைத்துத்தான்.

கனி அம்மா, நீங்களும் அப்படிச் செய்யுங்கள். அரசின் பக்கத்தை, அரசே சொல்வதைவிட நன்றாக எழுதுங்கள். ஏன் எல்லா அட்டைக்கும் ஒரே தொகை? ஏன் இரண்டு அரசும் ஒரே தொகை கொடுக்கவில்லை? அப்புறம் உங்கள் தயக்கத்தை எழுதுங்கள். முடிவு சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை.

கடலூர்_கனி

இரண்டு நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். அரையாண்டுத் தேர்வு நடக்கிறது. மாற்றி எழுதியது இது:

"2024 புயலில் என் வீட்டிலும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் என் சித்தி வீட்டிலும் தண்ணீர் புகுந்தது. அவர்கள் அட்டைக்கு 5,000 ரூபாய், எங்கள் அட்டைக்கு 2,000. முதலில் இது அநியாயம் என்று நினைத்தேன். பிறகு அரசு அதிகாரியின் இடத்தில் இருந்து யோசித்தேன். சிறிய பகுதிக்குக் கொடுப்பதும் பெரிய மாநிலத்துக்குக் கொடுப்பதும் ஒன்றில்லை. எல்லா அட்டைக்கும் ஒரே தொகை என்றால் உடனே கொடுக்கலாம், யாரும் யாரிடமும் கெஞ்ச வேண்டாம், இடையில் யாரும் பிடித்துக்கொள்ளவும் முடியாது. தேவைக்கு ஏற்றபடி கொடுப்பது இதைவிட நியாயமாக இருக்கலாம். ஆனால் தேவையை அளக்கும் நாட்களில் மிகவும் தேவைப்படுபவர்தான் பசியோடு காத்திருப்பார். அப்படியென்றால் தாமதமாக வரும் நியாயத்தைவிட உடனே வரும் சமத்துவம் மேலா? எவ்வளவு தாமதம் வரை? இதற்கு என்னிடம் விடை இல்லை. பொருளியல் பாடத்தில் தொகையைக் கணக்கிடக் கற்றுக்கொண்டேன். எது மேல் என்று தீர்மானிக்கும் அளவுகோலை அங்கே காணவில்லை. அதைத் தேடித்தான் தத்துவத்துக்கு விண்ணப்பிக்கிறேன். இதன்மூலம் சமுதாயத்துக்கு என்னால் இயன்ற பணியைச் செய்வேன் என்று உறுதி கூறுகிறேன்."

முத்தியால்பேட்டை_லிசே

"எவ்வளவு தாமதம் வரை?" அந்த ஒரு வரிக்காகவே உன்னை நேர்காணலுக்கு அழைப்பார்கள். என் வகுப்பில் இப்படி ஒரு கேள்வி எழுதியிருந்தால் எங்கள் ஆசிரியை பலகையில் எழுதிப் போட்டிருப்பார்.

சிதம்பரம்_ஓய்வாசிரியர்

கடைசி வாக்கியத்தை எடுத்துவிடுங்கள் அம்மா. மற்றதில் கை வைக்க வேண்டாம். கோடு பற்றிய கேள்வியை விட்டுவிட்டு இரண்டாவது கேள்வியைப் பிடித்துக்கொண்டது சரியான முடிவு. இவ்வளவு சிறிய இடத்தில் இரண்டையும் சுமக்க முடியாது.

ஆங்கிலத்தில் எழுத வேண்டி வந்தால் முதலில் இதே போலத் தமிழில் யோசித்து முடித்துவிட்டு, உங்கள் ஆங்கில ஆசிரியரிடம் உட்கார்ந்து மாற்றுங்கள். ஆங்கிலம் எளிமையாக இருந்தால் போதும். தினமும் ஆங்கிலத்தில் ஒரு பக்கமாவது படித்து, அதில் என்ன வாதம் இருக்கிறது என்று தமிழில் மூன்று வரி எழுதிப் பழகுங்கள். தமிழ் வழியில் வந்த என் மாணவர்கள் பலர் முதல் ஆண்டில் அப்படித்தான் தேறி வந்தார்கள்.

லாஸ்பேட்டை_வாசகன்

என் தயக்கம் போய்விட்டது. புகார் வாடையே இல்லை. ஹரியானா சோனிபட்டில் உள்ள அசோகா போன்ற தனியார் பல்கலைக்கழகங்களில் கட்டுரை கேட்பார்கள். கட்டணம் அதிகம், ஆனால் குடும்ப வருமானத்தைப் பார்த்து உதவி தருகிறார்கள். உதவிக்கான விண்ணப்பத்தையும் சேர்த்தே போடுங்கள்.

கடலூர்_கனி

ஐயா, அக்கா, அண்ணன்கள் எல்லாருக்கும் நன்றி. கடைசி வாக்கியத்தை எடுத்துவிட்டேன். இங்கே வந்த பதில்களை அப்பாவிடம் முழுசாகப் படித்துக் காட்டினேன். தாம்பரம், டெல்லி, அசோகா மூன்றுக்கும் போடு, கிடைப்பதைப் பார்த்து முடிவு பண்ணலாம் என்று சொல்லிவிட்டார். நெல்லிக்குப்பம் ஐயா கேட்ட கேள்விதான் அவருக்கும் இருந்தது. அந்தப் பதிலை இரண்டு தடவை படிக்கச் சொன்னார்.

ஒரு சந்தேகம். என்னிடம் எம்.பி.சி. (மிகவும் பிற்படுத்தப்பட்டோர்) சாதிச் சான்றிதழ் இருக்கிறது. டெல்லிக்கு அது போதுமா?

பண்ருட்டி_டெல்லி

போதாது! இதில்தான் நம் ஊர்ப் பிள்ளைகள் வருஷா வருஷம் மாட்டிக்கொள்கிறார்கள். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு மத்திய அரசு படிவத்தில் ஓ.பி.சி. (இதர பிற்படுத்தப்பட்டோர்) சான்று வேண்டும், கிரீமி லேயரில், அதாவது வசதி படைத்த பிரிவில் வரவில்லை என்ற குறிப்போடு. உன் சமூகம் மத்தியப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பார். சான்று நடப்பு நிதியாண்டில் வாங்கியதாக இருக்க வேண்டும், அதனால் இப்போதே வாங்கி வைத்தால் சேர்க்கை நேரத்தில் பழையதாகிவிடும். வருமானச் சான்று, குடும்ப அட்டை, மாற்றுச் சான்றிதழ் நகல் எல்லாவற்றையும் எடுத்துவைத்துக்கொண்டு, ஏப்ரல் பிறந்ததும் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடு. தாலுகா அலுவலகத்தில் இருந்து வர நாளாகும். எல்லாச் சான்றிலும் உன் பெயரும் இனிஷியலும் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் இருப்பது போலவே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்கு. க்யூட் விண்ணப்பத்திலும் அதே எழுத்து.

கடலூர்_கனி

பார்த்தேன் அண்ணா. ஆதாரில் இனிஷியல் முன்னால் இருக்கிறது, மதிப்பெண் பட்டியலில் பின்னால். திங்கட்கிழமை அப்பாவோடு இ-சேவைக்குப் போய் முதலில் அதைச் சரிபண்ணுகிறேன்.